ஜாதகத்தோடு போன எக்ஸ்ரே

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு அப்போது எனக்கு நாலாவது வருஷம். பிறந்த வீடு திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் காரைக்கால். பஸ் ஏறினால் அரை நாளுக்குள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். பக்கத்திலேயே கட்டிக்கொடுத்ததை ரொம்ப வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் தும்மினால் மறுவீட்டில் கேட்கும் தூரம் எவ்வளவு ஆபத்து என்பது பிறகுதான் தெரிந்தது.

சம்பா அறுவடை முடிந்து வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தோம். அவித்த அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு மறுபக்கம் பிடிக்க வேண்டிய என் மாமியார் வாசலில் யாரோடோ பேச்சில் இருந்தார். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. நெல் அடிபிடித்தால் அதற்கும் எனக்குத்தானே திட்டு விழும் என்று நானே குனிந்து இழுத்தேன். இடுப்பில் சுருக்கென்று ஒன்று அறுந்த மாதிரி இருந்தது. அப்படியே அடுப்பங்கரையில் உட்கார்ந்தவள்தான், என்னை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

வாயுப் பிடிப்பு என்றார்கள். சுளுக்கு என்றார்கள். எண்ணெய் போட்டு உருவினார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். இடுப்பு வலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் காலுக்கு இறங்கிவிட்டது. புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால், கட்டைவிரல் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பது போல ஒரு வலி. தும்மினால் உயிர் போய்விட்டு வரும். இரண்டு வயது மகளை என்னால் தூக்க முடியவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இதையெல்லாம் நான் சொல்லத்தானே முடியும்? வெளியே பார்த்தால் காயம் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. “நல்லாத்தானே சாப்புடுறா, அப்பறம் என்ன வலி?” என்று மாமியார் கேட்டார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

வைகாசியில் என் கணவர் என்னைக் காரைக்காலுக்கு டாக்டரிடம் அழைத்துப்போனார். கூட்டுறவு சங்கத்தில் வேலை அவருக்கு. நல்ல மனுஷர்தான், ஆனால் அவருடைய அம்மா எதிரில் வாய் திறக்க மாட்டார். துணைக்கு என் அம்மாவும் அண்ணனும் வந்திருந்தார்கள். டாக்டர் முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். என் கணவர் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். நானும் அம்மாவும் அண்ணனும்தான் எதிரில் இருந்தோம். “இது எலும்புப் படம்மா. ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கு. அது பிதுங்கி நரம்ப அழுத்துனா இதுல தெரியாது. படுத்து ஓய்வு எடுங்க, நெறைய பேருக்கு அதுலயே சரியாயிடும். ஆனா காலு வலுவிழந்தா ஒரு நாளும் தள்ளாதீங்க. நேரா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அங்க முதுகுல மருந்து ஏத்திப் படம் எடுப்பாங்க” என்றார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அண்ணன், “சரிங்க டாக்டர்” என்றான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ, “படத்துல ஒண்ணும் இல்ல” என்கிற பாதி மட்டும்தான். மீதியை நான் சொன்னால், வேலைக்குப் பயந்து சொல்கிறேன் என்றார் மாமியார்.

ஒன்றுமில்லை என்றால் இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்? நான் நடிக்கிறேன், இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு ஏதோ கோளாறு இருந்திருக்கிறது. மாமியார் இரண்டையும் சொன்னார். அது ஒன்றுக்கொன்று ஒட்டவில்லையே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. “வரும்போதே கோளாறோடதான் வந்துருக்கா. மறைச்சுக் கட்டிவச்சுட்டாங்க” என்று தெரு முழுக்கச் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு என் பிறந்த வீட்டுக்கு எட்டியது. அண்ணன் கோபத்தோடு வந்து இறங்கினான்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நியாயம் சொல்ல என் சின்ன மாமனாரைக் கூப்பிட்டிருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு இல்லை. அண்ணன் உறையிலிருந்து என் படத்தை உருவி அவர் கையில் கொடுத்தான். அவர் வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“சைகோன்ல நான் பாக்காத படமா? எலும்பெல்லாம் சிப்பாயுங்க மாதிரி வரிசையா நிக்குது. இந்தப் பொண்ணுக்கு ஒரு கோளாறும் கெடையாது” என்றார்.

“கேட்டுக்கிட்டீங்களா? எங்க வீட்டுப் பொண்ணு நல்ல பொண்ணு. நாங்க எதையும் மறைக்கல” என்றான் அண்ணன்.

எனக்கு நியாயம் கேட்கத்தான் வந்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் ஜெயித்தான், நான் தோற்றேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு வீடும் சேர்ந்து முடிவு செய்தாகிவிட்டது. உள் அறையில் ஒருக்களித்துப் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய், “டாக்டர் சொன்ன மிச்சத்தையும் சொல்லுண்ணே” என்று கத்தத் தோன்றியது. எழுந்திருக்க முடிந்தால் அல்லவா?

கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கட்டும் என்று ஆனியில் அம்மா என்னையும் மகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கணவர் வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். அங்கே என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சுற்றி வளைத்து ஒன்று விசாரித்தார்களாம்: மூத்த பெண்ணுக்கு முதுகில் ஏதோ வியாதியாமே, குடும்பத்திலேயே வருவதா?

அண்ணன் அதற்கும் அதே படத்தை எடுத்தான். தங்கையின் ஜாதகத்தோடு என் முதுகெலும்பும் ஒரு பழுப்பு உறையில் பட்டினத்துக்குப் போயிற்று. அங்கே அவர்கள் வீட்டு ஆட்கள், அக்கம்பக்கம், தரகர் என்று எல்லோரும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகித் தலையாட்டினார்களாம். உடம்பைத் திறந்து காட்டியதற்குச் சமானமாக எனக்குக் கூசியது. ஆனால் சம்பந்தம் உறுதியாகிவிட்டது. தையில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தேன். “அக்கா, ஒரு செருப்புத்தான் இருக்கு கால்ல” என்று தங்கை சிரித்தாள். இடது கால் செருப்பு நடுவழியில் சேற்றில் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து பாதத்தை மேலே தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. கட்டைவிரலை அசைத்துப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. கையால் தூக்கிவிட்டால் நிற்கிறது, விட்டால் தொங்குகிறது.

தங்கை போன பிறகு அம்மாவை அறைக்குள் இழுத்துக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது என்று. கதவைச் சாத்தினாள்.

“பாண்டிக்குப் போவணும்மா. தள்ளாதீங்கன்னாரே” என்றேன்.

“போவலாம்டி. நான் என்ன வேணாங்குறேனா? தை வரைக்கும் பொறுத்துக்க. பட்டினத்துக்காரங்க காதுக்குப் போனா உன் தங்கச்சி கதி என்ன? படத்தக் காட்டி ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?”

“யாருக்கும் தெரியாம போயிட்டு வந்துடலாம்மா.”

“பாண்டி பஸ்ஸுல தெரிஞ்ச மூஞ்சி இல்லாமலா இருக்கும்?”

அது என்னமோ உண்மைதான். காரைக்கால்காரர்களுக்கு ஒரு சர்க்கார் கையெழுத்து வேண்டுமென்றாலும் பாண்டிச்சேரிதான். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள் ஓடி அந்தப் பஸ் போய்ச் சேர்வதற்குள், உள்ளே இருக்கிற பாதிப் பேருக்கு மீதிப் பேரின் குடும்ப விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அதற்காகவா ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? அழுதேன். அம்மாவும் அழுதாள். அழுதுகொண்டே, என் கணவரிடமும் சொல்லக் கூடாது, அவர் மூலமாக மாமியாருக்குப் போய்விடும் என்று தங்கை பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவர் வரும் நாட்களில் என்னைப் பாயில் படுக்க வைத்துக் காலுக்குப் போர்வை போர்த்திவிடுவாள்.

கல்யாணத்தன்று என்னை நடமாட விடாமல் இருப்பதே அம்மாவுக்குப் பெரிய வேலையாக இருந்தது. புடவையைத் தரைவரை இறக்கிக் கட்டி, பெண்கள் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். மணப்பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவள் கூடப்பிறந்த அக்கா. நான் உட்கார்ந்தே இருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, “ஏன், அக்கா எந்திரிக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள்.

அம்மா கண் இமைக்காமல், “அவ முழுகாம இருக்குறா. நாள் தள்ளியிருக்கு” என்றாள்.

அடிப்பாவி அம்மா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றியிருந்த பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டு என்னைச் சூழ்ந்தார்கள். இந்தத் தடவை ஆம்பளப் புள்ளைதான் என்று ஒருத்தி கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். சேதி பந்திவரைக்கும் போய்விட்டது. என் மாமியார் வேகமாக வந்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, “ஏண்டியம்மா, எங்கிட்ட சொல்லக் கூடாதா? இனிமே ஒரு வேலையும் செய்யாத. நான் பாத்துக்குறேன்” என்றார்.

அந்தக் கை அவ்வளவு இதமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நிஜமான வலிக்குக் கிடைக்காத பரிவு, இல்லாத பிள்ளைக்குக் கிடைத்தது.

தாலி கட்டியாயிற்று. சத்தியத்தைக் காப்பாற்றியது போதும் என்று, சாயங்காலம் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் புடவையை விலக்கிக் காலைக் காட்டினேன். பிள்ளை கிள்ளை ஒன்றும் இல்லை, இதுதான் இருக்கிறது என்றேன். மனுஷர் குனிந்து என் பாதத்தைக் கையில் தாங்கிப் பார்த்தார். விட்டார். தொங்கியது. திரும்பவும் தாங்கினார்.

“எப்பலேர்ந்து?” என்றார்.

சொன்னேன். அவர் சத்தம் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். விடிந்ததும் பாண்டிக்குப் போய்ப் படம் எடுத்தாக வேண்டும் என்றார். மாமியார் நடுவில் புகுந்து, “முழுகாம இருக்குறவளுக்குப் படம் எடுக்கக் கூடாதுடா” என்றார். “நீ சும்மா இரும்மா!” என்று ஒரே அதட்டு. இத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. வந்ததுதான் வந்தது, அறுவடை முடிந்த வயலுக்கு மழை மாதிரி வந்தது.

மறுநாள் விடிந்ததும் பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். கூட அம்மாவும் வந்தாள். மாமியார் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னை மேஜையில் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடத்தில் மருந்தை ஏற்றினார்கள். மேஜையைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். அப்புறம் இரண்டு நாள் தலையே வெடித்துவிடும் போல வலி. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். மருந்து வெள்ளைக் கோடாக மேலிருந்து இறங்கி வந்து, இடுப்புக்கிட்டே ஓர் இடத்தில் பட்டென்று நின்றிருந்தது. அணை போட்ட வாய்க்கால் மாதிரி, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அதோ பாருங்கள், அதுதான் என் வலி! கண்ணுக்குத் தெரிகிறது! நான் நடிக்கவில்லை!

சுற்றி நின்ற மாணவர்களுக்கு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டு எவ்வளவு பெரிதாகப் பிதுங்கியிருக்கிறதோ, எடுத்துவிட்டால் கால் வலி அவ்வளவு நன்றாகத் தீரும். லேசாகப் புடைத்திருந்தால்தான் கத்தி வைக்க யோசிக்க வேண்டும், எடுத்தாலும் வலி போகாமல் இருந்துவிடலாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த கடலூர்க்காரம்மாவுக்கு அப்படித்தான். அவள் படத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் என்னைப் போலத்தான் வலி, என்னைப் போலத்தான் யாரும் நம்பவில்லை. “உனக்குப் பெருசா இருக்காமே, நீ குடுத்து வச்சவ” என்று அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “வலி போயிடும்மா. படத்தப் பாத்தே தைரியமா சொல்றேன்” என்றார். பாதத்தைத் தட்டிப் பார்த்தார், விரலைத் தூக்கச் சொன்னார். முகம் மாறிவிட்டது. “இது எப்ப விழுந்துச்சு?”

“ஐப்பசியில” என்றேன்.

“தை முடியப்போவுது. இவ்ளோ நாளா என்ன செஞ்சீங்க? கால் விழுந்த உடனே வந்திருந்தா இதுவும் திரும்பியிருக்க வாய்ப்பு இருந்துச்சு. இனிமே பாதம் வருமான்னு இந்தப் படம் சொல்லாது. நரம்பு எவ்ளோ நாளு நசுங்கிக் கெடந்துச்சுங்கிறதுதான் கணக்கு.” அம்மாவைப் பார்த்துக் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: “கூட இருந்தவங்க யாரும் பாக்கலியா?”

அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என் கை அவள் கைக்குள் இருந்தது.

“சொல்லவே இல்லீங்க டாக்டர். தங்கச்சி கல்யாணம் தடைபடக் கூடாதுன்னு எங்க யாருகிட்டயும் வாயத் தொறக்கல. எல்லாத்தையும் அவளே மனசுக்குள்ள வச்சுக்கிட்டா. அவ்வளவு பொறுமைங்க எம் பொண்ணுக்கு” என்றாள்.

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. நடிப்பில்லை, நிஜமான கண்ணீர்தான். அதனால்தான் டாக்டரும் நம்பினார், மாணவர்களும் நம்பினார்கள். ஒரு நர்ஸம்மா என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். என் கணவருக்கு மட்டும் உண்மை தெரியும், அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி இறுகியது. காட்டிக்கொடுத்துவிடாதே என்கிற பிடி. எனக்குப் பேச்சு வரவில்லை. தலைவலியா, துக்கமா, அருவருப்பா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் முதலில் காலில் வலியைத் தேடினேன். இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இல்லை. தையல் போட்ட இடம்தான் வலித்தது, அதெல்லாம் ஒரு வலியா? ஓவென்று அழுதேன். டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. பிறகு அவர் வந்து, “பாதத்தத் தூக்குங்க” என்றார். தூக்கினேன், தூக்கியதாகத்தான் நினைத்தேன். போர்வை அசையவில்லை.

ஆறு மாசம் பார்க்கலாம் என்றார்கள். ஒரு வருஷம் என்றார்கள். மின்சாரம் வைத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். ஷூவுக்குள் பொருத்திக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நம் ஊர்ச் சேற்றில் நடக்க முடியுமா, கோயிலுக்குள் போக முடியுமா? கழற்றி வைத்துவிட்டேன். பாதம் வரவே இல்லை.

கணவர் என்னைத் திரும்ப அழைத்துப் போனார். மாமியாருக்குப் படத்தில் பெரிதாகத் தெரிந்தது போதுமாக இருந்தது. “அவ்வளவு பெருசாம், டாக்டரே பயந்துட்டாராம்” என்று தெருவில் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை பட்டினத்தில் நன்றாக வாழ்ந்தாள், வாழ்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் என் எதிரில் உட்கார்ந்தால் என் காலைப் பார்க்க மாட்டான். அம்மா கடைசிவரை ஆஸ்பத்திரியில் சொன்னதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மையாகிவிட்டது என்று நினைக்கிறேன். “அன்னிக்கு ஏம்மா அப்படிச் சொன்னே?” என்று நான் ஒரு தடவை கேட்டேன். “எப்படிச் சொன்னேன்?” என்று நிஜமான ஆச்சரியத்தோடு திருப்பிக் கேட்டாள். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

இப்போது அம்மா இல்லை, அவள் சொன்ன கதை இருக்கிறது. சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் புதிதாக வந்த மருமகள் யாரையாவது என் முன்னால் நிறுத்தி, “பொறுமைன்னா இவங்கதான், தங்கச்சிக்காக ஒரு காலயே குடுத்தவங்க, கால்ல விழுந்து கும்புட்டுக்க” என்பார்கள். அந்தப் பெண்ணும் குனிந்து உணர்ச்சியில்லாத என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். நானா கொடுத்தேன்? கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க எனக்கு முடிவதில்லை, எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தக் கோபத்திலும் விருட்டென்று போக முடியாமல், எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கக் காலை இழுத்து இழுத்துத்தான் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் அடங்காத என் வயிற்றெரிச்சல்.